தகப்பன் பேரும் சேர்த்து

நெய்வேலிக்கு ரஷ்யாக்காரர்கள் வந்தது பவர் ஹவுஸ் கட்டுவதற்கு. கூடவே ஒரு நாடகமும் வந்து என் தலையில் விழும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் சக்கரபாணி சார். கடலூர்க்காரர். ரஷ்ய எஞ்சினியர்கள் பேசுவதைத் தமிழிலும், எங்கள் ஆட்கள் பேசுவதை ரஷ்ய மொழியிலும் சொல்வது அவர் வேலை. பகலெல்லாம் இந்த வால்வை மூடு, அந்த வால்வைத் திற என்று இரண்டு பாஷையிலும் தொண்டை கிழியக் கத்துவார். சாயங்காலம் அறைக்குப் போய் ரஷ்யாவின் பழைய நாடகப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு அழுவார். கல்யாணம் ஆகாத மனுஷர், வேறு எதைக் கட்டிக்கொள்வது?

அதில் ஒன்றைத் தமிழில் எழுதி, கிளப் ஆண்டு விழாவில் போட்டே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எங்கள் கிளப்பில் அதுவரை நாடகம் என்றால் நாலு பாட்டு, ஒரு கத்திச் சண்டை, கடைசியில் மகன் தாய் காலில் விழுந்து கதறுவது. பெண் வேஷம் முழுக்கச் செக்யூரிட்டியில் வேலை பார்த்த பாவாடை என்கிற பையனுக்கு. மீசையை எடுத்துவிட்டுப் புடவையைச் சுற்றினால் எங்களையெல்லாம் விட அவன்தான் லட்சணமாக இருப்பான். ஆனால் இந்தத் தடவை ரஷ்யாக்காரர்கள் குடும்பத்தோடு முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள், பெண் வேஷத்துக்குப் பெண்தான் வேண்டும் என்று சக்கரபாணி சார் சொல்லிவிட்டார்.

குவார்ட்டர்ஸில் ஒரு பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

எனக்கு நடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஈரோட்டில் படிக்கும்போது பள்ளி விழாவில் ராணி வேஷம் போட்டேன். அட்டைக் கிரீடத்தைக் கழற்றச் சொன்னபோது தரமாட்டேன் என்று அடம்பிடித்து அடி வாங்கினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினார்கள், கட்டிக்கொடுத்தார்கள், நெய்வேலிக்கு ரயிலேற்றினார்கள். இங்கே வந்தபின் தமயந்தி என்கிற பேரே எனக்கு மறந்து போயிற்று. பிளாக்கில் எல்லோருக்கும் நான் சார்ஜ்மேன் சம்சாரம்.

சார்ஜ்மேன் என்றால் எங்கள் வீட்டுக்காரர். பாய்லர் பிரிவில் வேலை. அவர் பேரை நான் சொல்லமாட்டேன். அப்போது எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் கடையில் பேர் கேட்டால் வரிசையில் பின்னால் நிற்பவளைச் சொல்லச் சொல்வேன், அவள் முறை வரும்போது அவளுக்காக நான் சொல்வேன். எல்லோரும் அப்படித்தான் காலத்தை ஓட்டினோம்.

நான் நடிக்கப் போவதாகச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. வெகுநேரம் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ நடிக்கறதுன்னா நடி. எதுக்க நிக்கறவன் நானா இருக்கோணும்" என்றார். மேடையேறினால் காதெல்லாம் வியர்க்கிற மனுஷர் அவர். அந்தப் பயத்தோடு எனக்காக ஒத்துக்கொண்டார் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கதாநாயகன் கிடைத்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன்.

கதை இதுதான். ரஷ்யாவில் பனி கொட்டுகிற ஒரு சின்ன ஊர். தபால் வண்டிக் குதிரைகள் மாற்றுகிற இடத்தில் தார்யா என்கிற விதவை சத்திரம் நடத்துகிறாள். அதில் மத்வேய் என்கிற ரிட்டையரான வாத்தியார் பல வருஷமாகத் தங்கியிருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம். ஆனால் தேநீரைப் பற்றிப் பேசுவார்கள், அடுப்பைப் பற்றிப் பேசுவார்கள், அதை மட்டும் பேசமாட்டார்கள். கடைசியில் வாத்தியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டே கிளம்புகிறார். வாசல்வரை போனவரைத் தார்யா பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவர் நின்று பெட்டியைக் கீழே வைக்கிறார். திரை.

"இதுல என்னங்க கதை இருக்கு?" என்றார் குஞ்சிதபாதம். மந்தாரக்குப்பத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர், காண்ட்ராக்டில் சேர்ந்து அப்போதுதான் பர்மனென்ட் ஆனவர். அவருக்கு வண்டிக்காரன் வேஷம். "ரெண்டு பேரும் டீ குடிச்சிகினே இருக்காங்க."

"அதான் கதை" என்று சக்கரபாணி சார் பல்லைக் கடித்தார்.

ஒத்திகை மே மாத வெயிலில். கிளப் ஹாலின் தகரக் கூரை கொதிக்கும். ரஷ்யாக்காரர்களிடம் இரவல் வாங்கிய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு குளிரில் நடுங்க வேண்டும். குஞ்சிதபாதம் பனியிலிருந்து உள்ளே வந்தவுடன் தோள் துண்டை எடுத்து விசிறிக்கொள்வார். எங்கள் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் பூட்சை வாசலில் கழற்றிவிட்டு, அங்கே இல்லாத செம்பை எடுத்துக் கால் கழுவிக்கொண்டு வருவார். தேநீர் குடிக்கச் சொன்னால் எல்லோரும் கண்ணாடி டம்ளரைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டோம். எச்சில் படாமல் குடிப்பது எங்களுக்குப் பிறவிப் பழக்கம். "உதட்டுல வைங்க. முத்தம் குடுக்கிற மாதிரி வைங்க" என்றார் சக்கரபாணி சார். அன்றைக்கு அதற்கு மேல் ஒத்திகை நடக்கவில்லை. சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்துவிட்டது.

எனக்கு வேறு கண்டம் காத்திருந்தது. "மத்வேய் இலியிச்" என்று நான் கூப்பிடுகிற அழகைக் கேட்டுச் சக்கரபாணி சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, அரிசி பருப்புக்கு லிஸ்ட் வாசிக்கிறீங்களா? அது ஒரு மனுஷனோட பேரும்மா."

பிறகு எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். அங்கே ஐயா, அண்ணாச்சி, சார் எதுவும் கிடையாது. ஒருவருக்கு மரியாதை கொடுக்க வேண்டுமானால் அவர் பேரையும் தகப்பன் பேரையும் சேர்த்துச் சொல்வார்கள். இலியா மகன் மத்வேய், அதனால் மத்வேய் இலியிச்.

"மரியாதை சரிங்க. பிரியம் வந்தா?" என்று நான் கேட்டேன்.

"பிரியம் வந்தா தகப்பன் பேரு உதிர்ந்துடும். வெறும் மத்வேய். நாடகம் பூரா தகப்பன் பேரையும் சேர்த்துச் சொல்றவ கடைசியில ஒரே ஒரு தடவை ஒத்தைப் பேரைச் சொல்றா. அந்த இடத்துல ஜனங்களுக்கு நெஞ்சு அடைக்கணும். நீங்க சொன்னா தூக்கம்தான் வருது."

அது நாக்குக்குப் பழக வேண்டும் என்று ஒரு பயிற்சி வைத்தார். இனிமேல் ஹாலுக்குள் நுழைந்தால் எல்லோரும் எல்லோரையும் ரஷ்ய முறையில்தான் கூப்பிட வேண்டும், சொந்தப் பேரும் தகப்பன் பேரும். அவரே ஆரம்பித்தார். "குஞ்சிதபாதம் கலியன், இப்படி முன்னால வாங்க."

குஞ்சிதபாதம் எழுந்தவர் எழுந்தபடி நின்றார். அவருடைய அப்பா கலியன் ஆயுசு பூரா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். டேய் என்றும் கலியா என்றும்தான் அந்தப் பேர் ஊரில் அடிபட்டிருக்கிறது. ஆபீசர்கள் உட்கார்ந்து சீட்டாடுகிற ஹாலில் அது மரியாதைக்காகச் சொல்லப்பட்டது. "இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்" என்றார். சக்கரபாணி சார் சொன்னார். வண்டிக்காரன் அன்றிலிருந்து நிமிர்ந்துதான் நடந்தான்.

அடுத்தது நான். "தமயந்தி குழந்தைவேல்."

குழந்தைவேல் என் அப்பா. செத்து நாலு வருஷம் ஆகிறது. கல்யாணமாகி வந்த ஊரில் அந்தப் பேரைச் சொல்ல யாருக்கும் எந்த அவசியமும் இருந்ததில்லை. "உங்களைத்தாம்மா" என்று அவர் மறுபடி சொன்ன பிறகுதான், "இருக்கேனுங்க" என்று பதில் வந்தது.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, இப்ப நீங்க உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க" என்றார்.

வீட்டுக்காரர் பேரைச் சொல்வதே பாவம். அதோடு மாமனார் பேரையும் ஒட்டவைக்க வேண்டும். ரஷ்யாக்காரனுக்கு மரியாதையாக இருப்பது எங்கள் வீட்டில் ஒரே மூச்சில் இரண்டு குற்றம். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. "ஏனுங்க" என்றேன். ஹாலே சிரித்தது. இன்னொரு தடவை முயற்சி செய்தேன், மறுபடி "ஏனுங்க"தான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ரஷ்யாக்காரன் பேரை எத்தனை தடவை வேணாலும் சொல்றேன். இவர் பேரு எதுக்குங்க?"

"சொந்த மனுஷனை ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிடாதவங்களுக்கு மத்வேயைக் கூப்பிட எப்படிம்மா வரும்?" என்றார் சக்கரபாணி சார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். வரலேன்னா பாவாடையைத்தான் கூப்பிடணும்."

ஞாயிறு மதியம் சாப்பாடு ஆனதும் எங்கள் வீட்டுக்காரர் போய் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு வந்தார்.

"சொல்லு" என்றார். "மெதுவாச் சொல்லு. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்ல கேட்டுத் தொலையப் போவுது."

"எனக்கு வெக்கமில்லீங்க. பயமுங்க" என்றேன்.

அதுதான் நிஜம். பாய்லரில் இரும்பு ஏணிகளில் அவர் ஏறுகிற உயரத்தை ஒரு தடவை தூரத்திலிருந்து காட்டியிருந்தார். அன்றிலிருந்து சங்கு ஊதி, சைக்கிள் மணி கேட்கும்வரை எனக்கு உயிர் கையில் இருக்காது. ஷிப்டுக்குக் கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, அவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருவருமாக வைத்துக்கொண்ட சட்டம் வேறு. இதில் பேரை வேறு சொல்லி நானே எமனுக்கு அடையாளம் காட்டுவதா?

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நான் மொதல்ல கூப்பிடறேன்" என்றார். என்னை அவர் இந்தா என்பார், ஏம்புள்ளே என்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, "தமயந்தி குழந்தைவேல்" என்றார். நன்றாகத்தான் இருந்தது. சக்கரபாணி சார் சொன்னதைவிட நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன், சொன்னார். கூலிக்கு ஆள் பிடித்தது போல அன்று மதியம் முழுக்க அவரைச் சொல்லவைத்தேன். என் முறைக்கு மட்டும் வாய் பூட்டிக்கொண்டது.

சாயங்காலம் ஹாலில் பாவாடை வந்து உட்கார்ந்திருந்தான். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவன் மூக்குக்குக் கீழே செழிப்பாக ஒரு மீசை. "வேணாம் சார்" என்றான். "பண்ருட்டில பொண்ணு பார்த்துகினு இருக்காங்க. போன வருஷம் என்னைப் புடவையில பார்த்துட்டுத்தான் ஒரு இடம் தட்டிப்போச்சு. இந்த மீசையை நான் தொடமாட்டேன் சார்."

இப்படியாக மீசை காப்பாற்றிக் கொடுத்த வேஷம் அது. சக்கரபாணி சார் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "கடைசி சீன் நாசமாப் போச்சுன்னா, அடுத்த வருஷம் எந்தப் பொம்பளையையும் இந்த மேடையில ஏத்தமாட்டாங்க. நீங்களும் ஏற முடியாது. ஞாபகம் வச்சுக்குங்க" என்றார். எனக்கு அது ஞாபகத்தை விட்டு ஒரு நிமிஷம்கூட நகரவில்லை.

விழாவுக்கு முதல் நாள் தாராபுரத்திலிருந்து மாமனார் வந்து இறங்கினார், மகன் நாடகத்தைப் பார்க்க. அத்தை போன பிறகு தனியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். அதிகம் பேசமாட்டார். மருமகளும் நடிக்கிறாள் என்று கேட்டதும் "அப்படீங்களா" என்று மட்டும் சொன்னார். அது சம்மதமா, கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் நாடகம் ஓகோ என்று போயிற்று. குஞ்சிதபாதம் நடுங்கியதைப் பார்த்து முன்வரிசை ரஷ்யப் பெண்கள் கை தட்டினார்கள். தேநீரை உதட்டில் வைத்தே குடித்தோம். பின்வரிசையில் யாரோ சீட்டியடித்தான், நான் கண்டுகொள்ளவில்லை. விளக்கு வெளிச்சம் முகத்தில் விழ, தார்யாவாக நின்றுகொண்டு, இந்த ஜென்மத்தில் எனக்கு இது போதும் என்று நினைத்தேன்.

கடைசிக் கட்டம் வந்தது. வாத்தியார் பெட்டியைத் தூக்கினார். வாசலில் வந்ததும் நின்று, பெருமூச்சு விட்டு, காத்திருக்க வேண்டும். ஒத்திகையில் வாசல் என்பது இரண்டு நாற்காலி. அன்றைக்கு நிஜமாகவே ஒரு கதவு நிலை அடித்து வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரருக்குப் பயத்தில் எல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது. ஷிப்டுக்குக் கிளம்புகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிலையைத் தாண்டிப் போய்விட்டார், திரும்பிப் பார்க்கவேயில்லை.

"மத்வேய்" என்றேன். நிற்கவில்லை. இறங்குகிற மரப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"மத்வேய்" என்று இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். பூட்ஸ் சத்தம் மேலும் ஒரு படி இறங்கியது. பதற்றத்தில் போய்க்கொண்டிருக்கிற மனுஷன் அடுத்தவன் பேருக்கு எப்படித் திரும்புவார்? பக்கவாட்டில் சக்கரபாணி சார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. பின்வரிசையில் சலசலப்பு ஆரம்பித்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று, இனி ஆயுசுக்கும் நான் சார்ஜ்மேன் சம்சாரம்தான் என்று தோன்றியது. தோன்றியவுடன் எங்கிருந்தோ குரல் வந்தது.

"நல்லசாமி."

பூட்ஸ் சத்தம் நின்றது. அவர் திரும்பி மேலே வந்து கதவு நிலையில் நின்று என்னைப் பார்த்தார். ஒத்திகையில் எத்தனையோ தடவை சொல்லியும் வராத முகபாவம் அது. பெட்டியை அவர் கீழே வைக்கவில்லை, கையிலிருந்து நழுவி விழுந்தது. எங்கள் ஜனங்கள் இருந்த பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நடந்தது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். முதலில் கை தட்டியது ஒன்றும் தெரியாத ரஷ்யாக்காரர்கள்தான். திரை விழுந்த பிறகுதான் மற்றவர்களும் தட்டினார்கள், அப்புறம் நிறுத்தவே இல்லை. சக்கரபாணி சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேரு தப்பு. மத்ததெல்லாம் சரி" என்றார்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வீடு வரும்வரை எங்களுக்கு முன்னால் தனியாக நடந்து வந்தார்.

மறுநாள் எங்கள் வீட்டுக்காரருக்குக் காலை ஷிப்ட். அவர் கிளம்பிப் போனதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம், பாய்லர் ஏணியில் ஏறுகிறாரே என்ற நினைப்பிலேயே நின்றேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. மாமனார் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் நிற்கவில்லை. கை தட்டலெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. கரி படிந்த முகத்தோடு, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே வந்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மாமனார் இருந்ததால் தோசைக் கல்லைப் போட்டேன்.

இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமனார் இரண்டு வாய் சாப்பிட்டபின் நிமிராமலே பேசினார்.

"பேரைச் சொன்னயே கண்ணு. பையன் நல்லாத்தான் வந்து உக்காந்திருக்கறான்."

"தப்பா நெனைக்காதீங்க மாமா" என்றேன். "ஆளு போயிட்டே இருந்தாருங்க. வேற வழி தெரியலீங்க."

"தப்புன்னு ஆரு சொன்னா?" தோசையைப் பிட்டார், வாயில் வைக்கவில்லை. "உங்க அத்தை ஒருக்காக்கூடச் சொன்னதில்லை. முடியாமக் கெடந்தப்பவும் இந்தாங்க இந்தாங்கன்னுதான் கூப்பிட்டுட்டுக் கெடந்தா. நானும் சொல்லச் சொல்லிக் கேக்கலை. நேத்து நீ கூப்பிட்டதைப் பார்த்ததுல இருந்து, கேட்டிருக்கலாம்னு இருக்குது."

எங்கள் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"ஒத்திகையில தகப்பன் பேரையும் சேர்த்துத்தான் சொல்லோணும்னு சொன்னாங்களாமே" என்றார் மாமனார். "மேடையில என்ற பேரை மட்டும் ஏன் உட்டுட்டே?"

"அது அவங்க வழக்கமுங்க மாமா. கடைசியில தகப்பன் பேரை உட்டுடோணுமுங்க."

"அது அவங்களுக்கு. என்ற பேரைச் சொல்றதுக்கு இனி வேற ஆரு இருக்கறா?"

தோசைத் திருப்பியைக் கீழே வைத்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து நன்றாகவே சொன்னேன்.

"நல்லசாமி அய்யாசாமி."

மகன் நிமிர்ந்து பார்த்தார். மாமனார்தான் தட்டைப் பார்த்தபடி, கூப்பிட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி, "ம்" என்றார்.